பொண்ணு வீடு திரும்பலையா? முதல் மணி நேரத்துல இருந்து என்னென்ன பண்ணணும், முழு வழிகாட்டி

எங்க சித்தி பொண்ணுக்கு அப்போ 19 வயசு. காலேஜ் விட்டு அஞ்சரை மணி பஸ்ஸுல வந்து இறங்க வேண்டியவ, ஏழு ஆச்சு எட்டு ஆச்சு வரல, ஃபோன் ஸ்விட்ச் ஆஃப். அன்னைக்கு ராத்திரி எங்க வீட்டுல நடந்ததை இப்ப நினைச்சாலும் வயித்தைப் பிசையுது, ஏன்னா ஒருத்தர் கூட போலீஸ் ஸ்டேஷன் பக்கம் போகல. வாசக்கதவைச் சாத்தி, பக்கத்து வீட்டுக்குக் கேக்கக் கூடாதுன்னு டிவி சவுண்டை ஏத்தி வெச்சுட்டு, பெரியவங்க எல்லாம் உள் ரூம்ல உக்காந்து "யார் கூட பேசிட்டு இருந்தா, எந்தப் பையன்"னு இதையே தான் திரும்பத் திரும்ப பேசிட்டு இருந்தாங்க. மறுநாள் மத்தியானம் ஒரு மணிக்குத் தான் கம்ப்ளெயின்ட் எழுதிட்டுப் போனோம்.

மூணாவது நாள் பக்கத்து மாவட்டத்துல ஒரு பெரிய கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில அவளைப் பார்த்தோம். பஸ் ஸ்டாண்டுக்கு வெளிய பைக் மோதி தலையில அடி, யாரோ நல்லவங்க 108-ல ஏத்தி விட்டிருக்காங்க, முதல்ல கொண்டு போன ஆஸ்பத்திரியில இருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு ரெஃபர் பண்ணிட்டாங்க, பையும் ஃபோனும் கூட்டத்துல போயிடுச்சு. ஆக்ஸிடெண்ட் ரிஜிஸ்டர்ல "பெயர் தெரியாத பெண், வயது சுமார் 20"ன்னு எழுதியிருந்தாங்க. அவ அங்க பேரில்லாம படுத்திருந்த நேரத்துல தான் நாங்க இங்க அவ பேரைக் கெடுத்துட்டு இருந்தோம். "ஓடிப்போயிட்டா"ங்கற அந்த ஒரு நினைப்பு எங்க கிட்ட இருந்து 17 மணி நேரத்தைப் பிடுங்கிடுச்சு.

அதுக்கப்புறம் தெரிஞ்ச வீடுகள்ல இந்த மாதிரி ஆச்சுன்னா என்னைக் கூப்பிடுவாங்க, நானும் கூடப் போயிருக்கேன், ஸ்டேஷன்ல உக்காந்திருக்கேன், வக்கீல் ஆபீஸ்ல உக்காந்திருக்கேன். அதுல கத்துக்கிட்டதைத் தான் வரிசையா எழுதறேன். நீளமா இருக்கும், சேவ் பண்ணி வெச்சுக்கோங்க.

படி 1: முதல் ஒரு மணி நேரம்

வழக்கமா வர்ற நேரத்தைத் தாண்டி, ஃபோனும் எடுக்கலன்னா முதல்ல ஒரு பேப்பர் எடுங்க. கடைசியா யார் பார்த்தது, எத்தனை மணிக்கு, எங்க, என்ன டிரெஸ், எந்த செருப்பு, கையில என்ன பை, கடைசியா வந்த கால் எத்தனை மணி, வாட்ஸப்ல லாஸ்ட் சீன் எத்தனை மணி, எல்லாத்தையும் அப்பவே எழுதிடுங்க. நாளைக்கு இதே கேள்வியை எஸ்ஐ கேக்கும்போது அம்மா நீலச் சுடிதார்ம்பாங்க, அப்பா பச்சைம்பாரு, பயத்துல ஞாபகம் குழம்பிடும்.

ஃபோன் ரிங் போகுதுன்னா வீட்டுல இருக்க பத்து பேரும் மாத்தி மாத்தி அடிக்காதீங்க, ப்ளீஸ். அவ ஃபோன்ல மிச்சம் இருக்க சார்ஜ் தான் அவளைக் கண்டுபிடிக்கிற வழி, அதை நாமளே தீர்த்துடக் கூடாது. ஒருத்தர் மட்டும் பொறுப்பெடுத்து கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை அடிங்க, "எங்க இருக்க, திட்ட மாட்டோம், லொகேஷன் மட்டும் அனுப்பு"ன்னு ஒரே ஒரு மெசேஜ் போடுங்க. அவளோட லேப்டாப்லயோ வீட்டு டேப்லயோ கூகுள் அக்கவுண்ட் ஏற்கனவே திறந்திருந்தா, தொலைஞ்ச ஃபோனைத் தேடுற பக்கத்துல கடைசி இடம் காட்டும், அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கோங்க. ஆனா பாஸ்வேர்டை மாத்தறது, அழிக்கிற பட்டனைத் தொடறது, இதெல்லாம் வேண்டவே வேண்டாம். அவ ரூமையும் யாரும் சுத்தம் பண்ணாதீங்க, டைரி, பில்லு, குப்பைக்கூடை எல்லாம் அப்படியே இருக்கட்டும்.

அவளோட ஃப்ரெண்ட்ஸ் கிட்ட பேசறதுக்கு ஒரு முறை இருக்கு. "எங்கடி அவ, மறைக்காம சொல்லு"ன்னு அதட்டுனா அந்தப் பொண்ணு பயந்து தெரிஞ்சதையும் சொல்லாது, அவங்க அப்பா அம்மா ஃபோனை வாங்கி வெச்சுடுவாங்க. வீட்டுல யாரு மேல அவங்களுக்குப் பயம் இல்லையோ, ஒரு அக்காவோ அத்தையோ, அவங்க பேசட்டும். "நீ சொன்னேன்னு யார்கிட்டயும் சொல்ல மாட்டேன், அவ பத்திரமா இருக்காளான்னு மட்டும் தெரிஞ்சா போதும்டா"ன்னு கேட்டாலே பாதி விஷயம் வரும்.

படி 2: ஆஸ்பத்திரியும் ரயில்வே ஸ்டேஷனும்

எங்க வீட்டுல யாருக்குமே தோணாதது இது, அதனால தான் தனியா எழுதறேன். 108-க்கு ஃபோன் போட்டு, இன்ன நேரத்துல இன்ன ரோட்டுல இருந்து ஒரு பொண்ணை ஏத்துனீங்களா, எந்த ஆஸ்பத்திரியில விட்டீங்கன்னு கேளுங்க. பெரிய கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில போலீஸ் அவுட்போஸ்ட் இருக்கும், அங்க நேராப் போங்க. போய் பேரைச் சொல்லி "இந்தப் பேர்ல யாராவது அட்மிட் ஆகியிருக்காங்களா"ன்னு கேட்டா இல்லன்னு தான் சொல்லுவாங்க, ஏன்னா அவ அங்க பேரோட இருக்க மாட்டா. "அடையாளம் தெரியாத பெண் யாராவது வந்திருக்காங்களா, ஆக்ஸிடெண்ட் ரிஜிஸ்டர் பாருங்க"ன்னு கேளுங்க. ஒரு ஆஸ்பத்திரியோட நிறுத்தாதீங்க, அங்கிருந்து எந்த ஆஸ்பத்திரிக்கு ரெஃபர் பண்ணுவாங்களோ அதையும் பாருங்க. மார்ச்சுவரியிலயும் கேக்கணும், அதை அப்பா அம்மாவை அனுப்பாம சித்தப்பாவோ மாமாவோ போய்க் கேக்கட்டும்.

ரயில்ல போற வழக்கம் இருந்தா 139-க்கு அடிங்க, பக்கத்து ஜங்ஷன்ல இருக்க ரயில்வே போலீஸ் ஸ்டேஷன்லயும் ஒரு ஃபோட்டோ குடுங்க.

படி 3: ஸ்டேஷன்

24 மணி நேரம் ஆகணும்னு சட்டத்துல எங்கயும் இல்ல. யார் சொன்னாலும் நம்பாதீங்க. ராத்திரி பத்து மணின்னாலும் போகலாம், போற வழியிலயே 112-க்கோ 100-க்கோ அடிச்சு தகவல் சொன்னா கால் வந்த நேரம் ரெக்கார்ட் ஆகும், பின்னாடி அது உதவும்.

மனுவை "உயர்திரு காவல் ஆய்வாளர் அவர்கள்"னு ஆரம்பிச்சு எழுதுங்க. பேரு, வயசு, உயரம், நிறம், அங்க மச்ச அடையாளம், டிரெஸ், நகை, ஃபோன் நம்பர், முடிஞ்சா ஐஎம்இஐ நம்பர் (ஃபோன் வாங்குன டப்பாவுல இருக்கும், பில்லுலயும் இருக்கும்), சமீபத்துல எடுத்த ஃபோட்டோ ரெண்டு, ஆதார் ஜெராக்ஸ். யார் மேலயாவது சந்தேகம் இருந்தா, யாராவது பின்னாடியே வந்து தொந்தரவு பண்ணினது தெரிஞ்சா, கௌரவம் பார்க்காம எழுதுங்க. ரெண்டு காப்பி எடுத்துட்டுப் போய் ஒரு காப்பில சீல் போட்டு கையெழுத்து வாங்கிக்கோங்க.

இப்ப முக்கியமான இடம். நிறைய ஸ்டேஷன்ல சிஎஸ்ஆர் போட்டு ஒரு சீட்டைக் குடுத்து அனுப்பிடுவாங்க, வீட்டுக்காரங்களும் கேஸ் ஆயிடுச்சுன்னு நினைச்சு வந்துடுவாங்க. சிஎஸ்ஆர்ங்கறது மனு வாங்குனதுக்கு ரசீது, அவ்வளவு தான். நமக்கு வேணுங்கறது எஃப்ஐஆர். தமிழ்நாட்டுல "பெண் காணவில்லை"ன்னே எஃப்ஐஆர் போடற வழக்கம் இருக்கு, அதைக் கேட்டு வாங்குங்க. டவர் லொகேஷன், கால் லிஸ்ட் எல்லாம் ஃபோன் கம்பெனி கிட்ட போலீஸ் தான் கேட்டு வாங்க முடியும், நாம கேட்டா குடுக்க மாட்டாங்க, அந்த வேலை வேகமா ஓடறதுக்கு எஃப்ஐஆர் தான் வழி.

2024 ஜூலை 1-ல இருந்து போலீஸும் கோர்ட்டும் கேஸை எப்படி நடத்தணும்னு சொல்ற பழைய சட்டம் சிஆர்பிசி போய், புதுசா பிஎன்எஸ்எஸ் வந்துடுச்சு. அதுல 173-வது பிரிவை மனசுல வெச்சுக்கோங்க. குத்தம் எந்த ஊர்ல நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷன்லயும் தகவல் குடுக்கலாம், இதைத் தான் ஜீரோ எஃப்ஐஆர்ங்கறாங்க. எஃப்ஐஆர் காப்பி ஃப்ரீயா குடுக்கணும். மாட்டேன்னா எஸ்பிக்கு எழுத்து மூலமா தபால்ல அனுப்பலாம், அதுக்கும் ஒண்ணும் நடக்கலன்னா மாஜிஸ்திரேட் கிட்ட போகலாம். பிடிச்சு தண்டிக்கக் கூடிய குத்தம் நடந்ததா தகவல்ல தெரிஞ்சா எஃப்ஐஆர் போட்டே ஆகணும்னு லலிதா குமாரி கேஸ்ல 2013-லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு.

பொண்ணுக்கு 18 வயசு ஆகலைன்னா கதையே வேற. அதே 2013-ல பச்பன் பச்சாவோ ஆந்தோலன்ங்கற குழந்தைகள் உரிமை அமைப்பு தொடுத்த கேஸ்ல, குழந்தை காணோம்னு வந்தா கடத்தல்னு எடுத்துக்கிட்டு எஃப்ஐஆர் போட்டு விசாரிக்கணும்னு உத்தரவு இருக்கு. குழந்தைகள் உதவி எண் 1098-க்கும் அடிச்சு சொல்லிடுங்க.

எல்லை சண்டை எவ்வளவு கொடுமைன்னு ஹைதராபாத்துல பார்த்தோம். 2019 நவம்பர் 27 ராத்திரி, ஷம்ஷாபாத் டோல்கேட் பக்கத்துல ஸ்கூட்டி பஞ்சர் ஆகி நின்ன அந்த கால்நடை டாக்டரோட குடும்பம், இது எங்க லிமிட் இல்ல, அங்க போங்கன்னு ரெண்டு ஸ்டேஷனுக்கு நடுவுல அலைய விட்டாங்கன்னு சொன்னாங்க, யாரு கூடவாவது போயிருப்பான்னும் பேசுனாங்கன்னு சொன்னாங்க. தாமதம் பண்ணினதுக்காக மூணு போலீஸ்காரங்களை சஸ்பெண்ட் பண்ணினாங்க. காலையில அந்தப் பொண்ணு எரிஞ்ச உடலா தான் கிடைச்சா. ஸ்டேஷன்ல "ரெண்டு நாள் பாருங்கம்மா, தானா வந்துடும்"னு யாராவது சொன்னா எனக்கு இந்த ராத்திரி தான் ஞாபகத்துக்கு வரும். நாங்க போன ஸ்டேஷன்லயும் அதே வார்த்தை தான், கிட்டத்தட்ட அதே குரல்ல, அன்பா தான் சொன்னாங்க, அன்பா சொன்னதால தான் நாங்க அரை நாள் இன்னும் உக்காந்திருந்தோம். நீங்க உக்காராதீங்க. "சார், அவளா போயிருந்தாலும் சரி, பத்திரமா இருக்கான்னு தெரிஞ்சா நாங்க போயிடறோம், எஃப்ஐஆர் போடுங்க"ன்னு ஒரே வாக்கியத்துல நில்லுங்க.

படி 4: சிசிடிவி

போலீஸ் வந்து எடுக்கட்டும்னு விட்டா சில நேரம் காலம் கடந்துடும். ஹார்ட் டிஸ்க் நிரம்புனதும் பழசு மேலயே புதுசு எழுதிடும், சின்னக் கடைகள்ல ரொம்ப நாள் தாங்காது. அவ நடந்து போற வழியை ஒருத்தர் நடந்தே போய்ப் பாருங்க, மளிகைக் கடை, பெட்ரோல் பங்க், ஏடிஎம், மெடிக்கல், கல்யாண மண்டபம், எங்கெல்லாம் கேமரா ரோட்டைப் பார்த்து இருக்கோ குறிச்சுக்கோங்க. கடைக்காரர் கிட்ட "அண்ணே, அந்த ஒரு மணி நேரத்தை மட்டும் பென்டிரைவ்ல காப்பி எடுத்து வெச்சிருங்க, போலீஸ் வந்து கேப்பாங்க"ன்னு சொன்னா பெரும்பாலும் யாரும் மறுக்க மாட்டாங்க.

ஒரு சின்ன விஷயம், ஆனா எங்களை ஒரு நாள் சுத்த விட்டது. பஸ் ஸ்டாண்ட் எதிர்ல ஒரு பேக்கரி கேமராவுல 5:40-ல இருந்து 6 மணி வரை மூணு தடவை ஓட்டிப் பார்த்தோம், அவ இல்ல. அவ பஸ்ஸை விட்டே இறங்கலன்னு முடிவு பண்ணிட்டு பஸ் போற அடுத்த ஊரெல்லாம் தேடுனோம். மறுநாள் தான் பேக்கரி பையன் சொல்றான், அக்கா டிவிஆர்ல டைம் 25 நிமிஷம் ஃபாஸ்டா ஓடுதுன்னு. அப்புறம் 6:07-ல பார்த்தா, அவ ரோட்டைக் க்ராஸ் பண்ணப் போறா. அதனால எந்த கேமராவைப் பார்த்தாலும் முதல்ல அந்த ஸ்கிரீன்ல ஓடற நேரத்தையும் உங்க ஃபோன்ல இருக்க நேரத்தையும் சேர்த்து ஒரு ஃபோட்டோ எடுத்துடுங்க.

எடுத்த வீடியோவை ஸ்டேட்டஸ்ல வெக்காதீங்க. போலீஸ் கிட்ட மட்டும் குடுங்க.

படி 5: ஆன்லைன்ல போடறது

இதுல தான் எனக்கு சொல்ல நிறைய இருக்கு. போடறதால பலன் இருக்கு, அதை மறுக்கவே முடியாது. 2021-ல அமெரிக்காவுல காபி பெட்டிட்டோன்னு 22 வயசுப் பொண்ணு, வருங்காலக் கணவனோட வேன்ல ஊர் சுத்தப் போனவ, அவன் மட்டும் செப்டம்பர் 1-ஆம் தேதி ஃப்ளோரிடா வீட்டுக்குத் தனியா திரும்பி வந்தான், 11-ஆம் தேதி அவ குடும்பம் காணோம்னு புகார் குடுத்தாங்க. உலகமே பேச ஆரம்பிச்சதும், வேன்லயே ஊர் சுத்தி வீடியோ போடற ஒரு குடும்பம் தங்களோட பழைய வீடியோவைத் திருப்பிப் பார்த்தாங்க, ஆகஸ்ட் 27 சாயங்காலம் வயோமிங்ல ஸ்ப்ரெட் க்ரீக் பக்கம் ஓரமா நின்ன அந்த வெள்ளை வேன் அதுல பதிவாகி இருந்துச்சு. எஃப்பிஐக்கு சொன்னாங்க. செப்டம்பர் 19-ஆம் தேதி அந்தப் பக்கத்துலயே அவ உடல் கிடைச்சுச்சு, கழுத்தை நெரிச்ச கொலைன்னு தெரிஞ்சது. இதுல உதவுனது அலசலோ தியரியோ இல்ல, தன் கிட்ட இருந்த ஒரு நிஜத் தகவலைத் தேடி எடுத்து சரியான இடத்துல குடுத்தாங்க, அது.

அதே வயோமிங்ல 2011-ல இருந்து 2020 வரைக்கும் பூர்வகுடி மக்கள்ல 710 பேர் காணாம போனதா பதிவாகி இருக்கு, அவங்க பேரு ஒண்ணு கூட நமக்குத் தெரியாது. நம்ம ஊர்லயும் இப்படித் தான், ஃபோட்டோவுல அழகா இருக்க பொண்ணுக்கு ஆயிரம் ஷேர், ஸ்பின்னிங் மில் ஹாஸ்டல்ல இருந்து காணாம போன பொண்ணுக்குப் பத்து கூட வராது. ஷேர் பண்ற கை இருக்கவங்க இதைக் கொஞ்சம் யோசிங்க.

இன்னொரு பக்கம் எலிசா லாம். வான்கூவர்ல படிச்ச 21 வயசு மாணவி, 2013 ஜனவரி கடைசியில லாஸ் ஏஞ்சலஸ்ல செசில் ஹோட்டல்ல காணாம போனா. போலீஸ் லிஃப்ட் கேமரா வீடியோவை வெளியிட்டதும் உலகம் முழுக்க ஆளாளுக்கு துப்பறிய ஆரம்பிச்சாங்க, பேய்ன்னாங்க, சதின்னாங்க, அந்த ஹோட்டல்ல அதுக்கு ஒரு வருஷம் முன்னாடி தங்கி வீடியோ போட்டிருந்த ஒரு பாடகரைக் கொலைகாரன்னு முடிவு கட்டி மிரட்டல் மேல மிரட்டல். பிப்ரவரி 19-ல மொட்டை மாடி தண்ணி டேங்க்ல அவ உடல் கிடைச்சுச்சு, தவறி மூழ்கின மரணம்னு தான் பிரேதப் பரிசோதனை சொல்லிச்சு, மனநோய் பாதிப்பும் ஒரு காரணம்னு குறிச்சிருந்தாங்க. அந்தப் பாடகரோட வாழ்க்கையை யாரும் திருப்பிக் குடுக்கல. அதே 2013-ல காணாம போன ஒரு இந்திய வம்சாவளி காலேஜ் பையனை பாஸ்டன் குண்டுவெடிப்பு ஆளுன்னு ஆன்லைன்ல அடையாளம் காட்டுனாங்க, அவன் குடும்பத்துக்கு ராத்திரி முழுக்க வசை. சில நாள்ல அந்தப் பையனோட உடல் ஆத்துல கிடைச்சது, குண்டுவெடிப்புக்கும் அவனுக்கும் சம்பந்தமே இல்ல.

சரி, எப்படிப் போடணும். முகம் தெளிவா, ஃபில்டர் இல்லாத, அவ தினமும் எப்படி இருப்பாளோ அப்படி ஒரு ஃபோட்டோ. கல்யாணத்துக்கு மேக்கப் போட்ட ஃபோட்டோவைப் போட்டா பஸ்ல எதிர்ல உக்காந்திருந்தவங்களுக்குக் கூட அடையாளம் தெரியாது. பேரு, வயசு, உயரம், டிரெஸ், கடைசியா பார்த்த இடமும் நேரமும், எஃப்ஐஆர் நம்பர், ஸ்டேஷன் ஃபோன் நம்பர். தேதியை ஃபோட்டோ மேலயே எழுதுங்க, கீழ டைப் பண்ணினா ஃபார்வர்ட் ஆகும்போது உதிர்ந்து போயிடும், அதனால தான் அஞ்சு வருஷம் முன்னாடி கிடைச்ச பிள்ளைங்களை இன்னைக்கும் தேடிட்டு இருக்கோம்.

வீட்டு அட்ரஸ், அவ நம்பர், ஜாதி, காதல் விஷயம், அவ சாப்பிடற மாத்திரை இதெல்லாம் போடவே கூடாது. அப்பா அம்மா நம்பரைப் போட்டா என்ன ஆகும்னு அனுபவிச்சவங்களுக்குத் தான் தெரியும். சித்தி நம்பருக்கு ராத்திரி ரெண்டு மணிக்கு ஒருத்தன் ஃபோன் பண்ணி, உங்க பொண்ணு என் கூட தான் இருக்கா, எட்டாயிரம் ஜீபே பண்ணுங்க பஸ் ஏத்தி விடறேன்னான். சித்தி தோட்டைக் கழட்டி அடகு வெக்கச் சொல்லிக் குடுத்துட்டாங்க, நல்லவேளை விடியற வரைக்கும் சித்தப்பா பணம் அனுப்பல. ஸ்டேஷன் நம்பர் மட்டும் போதும், கட்டாயம் குடும்ப நம்பர் வேணும்னா புது சிம் வாங்கி அதைத் திடமான மனசு இருக்க ஒருத்தர் கையில குடுங்க. பணம் கேட்டா "வீடியோ கால் போட்டு அவ முகத்தைக் காட்டுங்க"ன்னு கேளுங்க, நம்பரை எழுதி எஸ்ஐ கிட்ட குடுங்க. பணம் போயிடுச்சுன்னா உடனே 1930, ஆன்லைன் மோசடிக்குப் புகார் சொல்ற நம்பர் அது.

படி 6: ஷேர் பண்றவங்களுக்கு

உங்களுக்கு ஒரு "காணவில்லை" வந்தா முதல்ல ஸ்டேஷனுக்கு ஒரு ஃபோன். கேஸ் உண்மையா, இன்னும் தேடறாங்களான்னு கேட்டா ஒரு நிமிஷத்துல சொல்லிடுவாங்க.

அடுத்து யார் தேடறாங்கன்னு பாருங்க. எஃப்ஐஆர் நம்பர் இல்ல, ஸ்டேஷன் பேரு இல்ல, ஒரு தனி ஆளோட நம்பர் மட்டும், பொண்ணும் பையனும் சேர்ந்து நிக்கிற ஃபோட்டோ, "பார்த்தால் உடனே இந்த எண்ணுக்கு மட்டும் தகவல் சொல்லவும், தக்க சன்மானம்"னு இருந்தா தயவு செஞ்சு கையைக் கட்டிக்கோங்க. 18 வயசு தாண்டின பொண்ணு தன் விருப்பத்துக்கு கல்யாணம் பண்ணிட்டு உயிருக்குப் பயந்து ஒளிஞ்சிருக்கலாம், நீங்க பண்ற ஷேர் அவ இருக்க தெருவைக் காட்டிக் குடுத்துடும். உடுமலைப்பேட்டையில 2016 மார்ச் 13 பட்டப்பகல்ல பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல, ஜாதி மாறி கல்யாணம் பண்ணின சங்கரை வெட்டிக் கொன்னதை கேமராவுல நாம எல்லாரும் பார்த்தோம். ரெண்டு பேர் மேஜரா இருந்து சம்மதிச்சா குடும்பத்தோட, சமூகத்தோட சம்மதம் தேவையில்லன்னு சக்தி வாஹினி கேஸ்ல 2018 மார்ச்ல சுப்ரீம் கோர்ட் தெளிவா சொல்லியிருக்கு, அந்த மாதிரி ஜோடிகளுக்குப் பாதுகாப்பு குடுக்கறது போலீஸோட கடமை.

நிஜமாவே அவளைப் பார்த்துட்டீங்கன்னா வீடியோ எடுக்காதீங்க, கமெண்ட்ல "இப்ப தான் திருச்சி பஸ் ஸ்டாண்ட்ல பார்த்தேன்"னு போடாதீங்க, அவளை யார் கடத்தியிருந்தாலும் யாருக்கு அவ பயந்து ஓடினாலும் அந்த ஆளும் அதைப் படிப்பான். 112-க்கு அடிங்க. பக்கத்துல போக முடிஞ்சா ஒரு பொம்பளையா போய், "தண்ணி குடிக்கிறியாம்மா, பத்திரமா இருக்கியா"ன்னு கேளுங்க. வீட்டுக்குப் போகப் பயம்னு சொன்னா 181, அது பெண்களுக்கான உதவி எண், 24 மணி நேரமும் இருக்கும், தங்கறதுக்கும் வழி சொல்லுவாங்க.

அப்புறம் சட்ட விஷயம் ஒண்ணு, நிறைய பேருக்குத் தெரியாது. தேடிட்டு இருக்கும்போது பேரும் ஃபோட்டோவும் போட்டீங்க, சரி. விசாரணையில பாலியல் குத்தம் நடந்திருக்குன்னு தெரிஞ்ச நிமிஷம், அவ அடையாளத்தை வெளியிடறது பிஎன்எஸ் (ஐபிசிக்கு பதிலா வந்த சட்டம்) 72-வது பிரிவுல குத்தம், ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயில் இருக்கு. 18 வயசுக்குக் கீழன்னா போக்சோ சட்டமும் சேரும். அவ இறந்துட்டாலும் இது பொருந்தும். ஹைதராபாத் கேஸ்ல அந்தப் பொண்ணோட பேரு நாடு முழுக்க ட்ரெண்ட் ஆச்சு, அப்புறம் தான் போலீஸ் திஷான்னு வேற பேரு வெச்சுக் கூப்பிடச் சொன்னாங்க. மேல நான் பேரு எழுதாம விட்டதும் அதனால தான். போஸ்ட் போட்ட ஒவ்வொருத்தரும் கேஸ் எந்தப் பக்கம் போகுதுன்னு பார்த்து, தேவைப்பட்டா அன்னைக்கே எடுக்கணும்.

படி 7: ஒரு வாரம் தாண்டினா

வாரம் ஒரு தடவை ஸ்டேஷன் போங்க, போற தேதி, யாரைப் பார்த்தீங்க, என்ன சொன்னாங்கன்னு ஒரு நோட்டுல எழுதுங்க. அசைவே இல்லன்னா எஸ்பி ஆபீஸ், சிட்டின்னா கமிஷனர் ஆபீஸ். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுக்கலாம், ஆனா அவசரத்துக்கு திங்கட்கிழமைக்காகக் காத்திருக்க வேண்டாம். தமிழ்நாடு போலீஸ் சிட்டிசன் போர்ட்டல்ல எஃப்ஐஆர் பார்க்கலாம், அடையாளம் தெரியாத உடல்கள் பட்டியலும் இருக்கு, கஷ்டமான வேலை தான், வீட்டுல ஒருத்தர் அதைப் பார்த்துட்டே இருக்கணும்.

யாரோ அவளைப் பிடிச்சு வெச்சிருக்காங்கன்னு சந்தேகப்பட காரணம் இருந்தா ஆட்கொணர்வு மனு, அதாவது அவளைக் கோர்ட் முன்னாடி கொண்டு வந்து நிறுத்தச் சொல்லிக் கேக்கற மனு போடலாம். சென்னை ஹைகோர்ட், தென் மாவட்டங்களுக்கு மதுரை கிளை. சும்மா காணோம்னு மட்டும் சொன்னா பத்தாது, சட்டவிரோதமா அடைச்சு வெச்சிருக்காங்கன்னு நினைக்க என்ன காரணம்னு காட்டணும், அதுக்குத் தான் மேல சொன்ன நோட்டு, சீல் வெச்ச காப்பி எல்லாம். மனு ஏத்துக்கிட்டா போலீஸ் என்ன தேடினோம்னு கோர்ட்ல சொல்லியே ஆகணும். வக்கீல் ஃபீஸுக்கு வழி இல்லன்னு விட்டுடாதீங்க, அம்மா பேர்ல மனு போட்டா பெண்ங்கற ஒரே தகுதிக்கே வருமானம் பார்க்காம இலவச வக்கீல் உண்டு, 1987 சட்டம் அது. மாவட்ட கோர்ட் வளாகத்துலயே சட்டப் பணிகள் ஆணைக்குழு ஆபீஸ் இருக்கும், இல்லன்னா 15100.

கோர்ட்ல அவளை ஆஜர் பண்ணினா ஜட்ஜ் அவ கிட்ட தான் கேப்பாங்க, நீ எங்க போகணும்னு. மேஜர்னா அவ சொல்றது தான். அந்த வாசல்ல நின்னு அழுது மயங்கி விழுற அம்மாக்களைப் பார்த்திருக்கேன், ஆனா அந்தப் பொண்ணு உயிரோட நிக்கிறா, ஃபோன் நம்பர் குடுக்கறா, அதைப் பிடிச்சுக்கோங்க.

படி 8: கிடைச்சதுக்கு அப்புறம்

ஸ்டேஷன்ல போய் கிடைச்ச விவரத்தை எழுதிக் குடுத்து கேஸை முடிக்கணும், மாஜிஸ்திரேட் முன்னாடி வாக்குமூலம் வாங்கலாம். வீட்டுக்கு வந்த முதல் ராத்திரி "எங்க போன, என்ன பண்ணின"ன்னு ஒரு கேள்வியும் வேண்டாம், சாப்பிட்டுத் தூங்கட்டும். அடிபட்டிருந்தாலோ அவ பேச மறுத்தாலோ ஒருங்கிணைந்த சேவை மையத்துல கவுன்சிலிங், டாக்டர், சட்ட உதவி எல்லாம் ஒரே இடத்துல கிடைக்கும், 181-ல கேட்டா பக்கத்துல எங்க இருக்குன்னு சொல்லுவாங்க.

போஸ்ட்டை டெலீட் பண்ணினா மட்டும் பத்தாது, ஏன்னா ஃபார்வர்ட் ஆனது ஓடிட்டே தான் இருக்கும். அதே ஃபோட்டோவுல முகத்தை மறைச்சு, மேல பெருசா "கிடைச்சுட்டாங்க, இனி பகிர வேண்டாம்"னு எழுதி, எந்தெந்த க்ரூப்ல போட்டீங்களோ அங்கெல்லாம் திரும்பப் போடுங்க, முதல்ல அனுப்பின ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா அனுப்பி அவங்களையும் இதையே பண்ணச் சொல்லுங்க. நாங்க இதைப் பண்ணல. ரெண்டு வருஷம் கழிச்சு அவளுக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது, அந்த வீட்டு அத்தை ஒருத்தங்க ஃபோன்ல அந்தப் படம் வந்து நின்னுச்சு, கீழ யாரோ எழுதின நாலு வரியோட. தலையில 11 தையல் போட்டு பொழைச்சு வந்த பொண்ணுக்கு, அவ சம்பந்தமே இல்லாத ஒரு கதை. அன்னைக்கு தான் நாங்க உக்காந்து பழைய க்ரூப் ஒவ்வொண்ணா திறந்து, அந்த மறைச்ச படத்தை அனுப்ப ஆரம்பிச்சோம், 40 க்ரூப்புக்கு மேல இருந்துச்சு. அவளும் பக்கத்துல உக்காந்து அனுப்புனா. "அக்கா, இந்த மஞ்சள் சுடிதாரை அதுக்கப்புறம் நான் போடவே இல்ல தெரியுமா"ன்னு மட்டும் சொன்னா.